மரக்கதிரைக்கு நோகும் என்ற சிவபாதம் அண்ணை

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். சிவபாதம் அண்ணை இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் நான் செய்த முதல் காரியம், இரண்டு ஆட்டிறைச்சி ரோல்ஸ் வாங்கி, லாசப்பலில் எங்கள் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவின் நடுவில் நின்று, நிதானமாகத் தின்றது. அழுகை பிறகுதான் வந்தது. அதிலும் பாதி மிளகாய்.

செய்தியைச் சொன்னவர் மரக்கறிக் கடைக்காரர். முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டே, "உங்கட கதிரைச் சிவபாதம் போட்டாராம். டொக்டரிட்டைப் போனவர், கூப்பிடுமட்டும் கதிரையிலை இருந்திருக்கிறார். கூப்பிடேக்கை ஆள் இல்லை" என்றார்.

"ஆரை அடிக்கப் போய்?" என்று கேட்டேன்.

"ஒருத்தரையும் இல்லை. சும்மா இருந்தபடி."

எங்கள் இருவருக்கும் நம்பக் கஷ்டமாக இருந்தது. அவரை அறிந்த உங்களில் பலரும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே என்னை மட்டும் ஏசாதீர்கள்.

ரோல்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். எட்டு வருடமாக நான் லாசப்பலில் எதையும் நின்று தின்றதில்லை. வாங்குவேன், சுற்றுமுற்றும் பார்ப்பேன், பையில் போட்டுக்கொண்டு மெட்ரோவுக்குள் ஓடுவேன். சிவபாதம் அண்ணைக்கு ஒருநாள் உண்மை தெரியவரும், தெரியவந்தால் என்னை எந்தச் சந்தியில் வைத்து எதனால் அடிப்பார் என்பதைத் தவிர அந்தத் தெருவில் எனக்கு வேறு சிந்தனை இருந்ததில்லை. நான் செய்த ஒரு காரியத்துக்காக அவர் தன் மனைவியின் தம்பியை அடித்து எலும்பை முறித்தார். அன்றோடு அந்த அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றது. வாய் திறந்து ஒரு வசனம் சொல்லியிருந்தால் அதை நான் முடித்திருக்கலாம். சொல்லவில்லை. இப்போது அடிப்பவர் போன பிறகு எழுதுகிறேன். இதில் எவ்வளவு வீரம் இருக்கிறதென்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

அவரை நான் முதலில் பார்த்தது அவருடைய அகதி விசாரணையில். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தமிழும் பிரெஞ்சும் சம அளவில் அரைகுறையாகத் தெரிந்ததால் மொழிபெயர்ப்பாளன் ஆகியிருந்தேன். கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி, ஊரில் முகாமில் என்ன நடந்தது என்று கேட்டார். "கட்டிவைச்சு அடிச்சவை" என்றார் அண்ணை. அவ்வளவுதான். யார் அடித்தார்கள் என்பதை அங்கே சொன்னார். நான் இங்கே சொல்லமாட்டேன். எங்களில் எல்லாப் பக்கத்தாரும் இந்த இதழை வாசிக்கிறார்கள்.

அதிகாரிக்கு அந்த ஒரு வசனம் போதவில்லை. எதில் கட்டினார்கள் என்று கேட்டார். கதிரையில் என்றார். என்ன மாதிரிக் கதிரை என்று கேட்டார். அதன் பிறகு அண்ணை பத்து நிமிடம் நிறுத்தவில்லை.

"பின்காலும் முதுகும் ஒரே மரம். முன்கால் ரண்டும் பேந்து மாத்தினது, பூவரசு. இருக்கைக்குப் பிரம்பு, இடப்பக்கம் அறுந்தது. கீழ்ச்சட்டத்திலை ஒரு ஆணி அரை அங்குலம் வெளியிலை நிண்டது. ரண்டு நாளும் நான் அந்த ஆணியோடைதான் இருந்தனான்."

பேப்பர் வாங்கி வரைந்தும் காட்டினார். மூட்டுகள், சட்டம், ஆணி, ஆணியின் சரிவு. பூவரசுக்குப் பிரெஞ்சு தெரியாமல் நான் 'ஒரு மஞ்சள் பூ மரம்' என்று சொல்லி வியர்த்தேன். அந்தப் பெண் ஃபைலை மெதுவாக மூடினார். சில மாதங்களில் அண்ணைக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது. அவரைக் காப்பாற்றியது அந்தக் கதிரைதான் என்று இன்றுவரை நம்புகிறேன். என் மொழிபெயர்ப்பு நிச்சயமாக இல்லை.

வெளியே வந்ததும் சொன்னார்: "அடிச்சதைச் சொன்னால் அழுதிடுவன் தம்பி. கதிரையைச் சொன்னால் அழமாட்டன்."

என்னைத் தேநீர் குடிக்க அழைத்துப் போனார். உட்காருவதற்கு முன் கதிரையைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். பரிசாரகன் ஓடிவந்து சத்தம் போட்டான். அண்ணை அவனைப் பார்த்தார். கையை உயர்த்தவில்லை, வாயைத் திறக்கவில்லை, பார்வை மட்டும்தான். அவன் எனக்கிருந்த கதிரையையும் தானே கவிழ்த்து, அடியில் ஒன்றும் இல்லை என்று காட்டிவிட்டுப் போனான்.

அவருக்குக் கிடைத்த வேலையும் கதிரைதான். பழைய தளபாடம் விற்கும் ஒரு ஒல்லாந்துக்காரர் பத்தாம் வட்டாரத்தில் கடை வைத்திருந்தார். அண்ணை அங்கே சாமான் தூக்குபவர். ஒல்லாந்தர் என்றால் எங்களுக்குக் கோட்டை கட்டியவர்கள், எங்கள் சீதன வழக்கத்தைச் சட்டமாக எழுதிவைத்துவிட்டுப் போனவர்கள். கதிரையும் செய்தார்கள் என்பது அண்ணை சொல்லித்தான் எனக்குத் தெரியும். நூறு வருடங்களுக்கு முன் ஒல்லாந்தில் சில சித்திரக்காரரும் தச்சரும் சேர்ந்து, வளைவு வேண்டாம், பூவேலை வேண்டாம், சிங்கத்தலை வேண்டாம், நேர்ப்பலகையும் இரண்டு மூன்று நிறமும் காணும் என்று கிளம்பினார்களாம். கடை நிறைய அந்தக் கூட்டத்தாரும் அவர்கள் வழிவந்தவர்களும் செய்த கதிரைகள். அவற்றில் எது கால், எது சட்டம் என்று பிரித்துப் பார்க்க எனக்குப் பல நாள் எடுத்தது. சட்டங்கள் ஒன்றையொன்று தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். முதுகுக்கு ஒரு பலகை, இருக்கைக்கு ஒரு பலகை. அவ்வளவுதான். ஒருநாள் சாப்பாட்டுக்கடையில் வைத்து அண்ணை எனக்கு இதையெல்லாம் விளக்கி, "உது ஒரு இயக்கத்தின்ரை கதிரை" என்று உரத்துச் சொன்னார். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் பாதிப் புட்டோடு எழுந்து போய்விட்டார்கள்.

அந்தக் கடையில் நான் கண்ணால் கண்ட ஒரு சம்பவம். கூட வேலை செய்தவன் ஒருவன், நல்ல கட்டான ஆள், ஒரு கதிரையைத் தூக்கப் பஞ்சிப்பட்டு நடைபாதையில் இழுத்துக்கொண்டு வந்தான். அண்ணை கதிரையை அவன் கையிலிருந்து வாங்கி, ஓரமாக வைத்து, அதன் காலைத் தடவிப் பார்த்தார். பிறகு அவனை இடுப்புப் பட்டியில் பிடித்து நிலத்தில் விழுத்தி, அவன் கதிரையை இழுத்துவந்த அதே தூரத்துக்கு, அதே நடைபாதையில் இழுத்துப் போனார். ஒரு அடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவன் முழங்கைத் தோல் சீமெந்தில் இருந்தது. "இப்ப எரியுதோ? அதுக்கும் அப்பிடித்தான்" என்று தமிழிலேயே சொன்னார். முதலாளி கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தார். மாதக் கடைசியில் அவன் போனான். அண்ணை இருந்தார்.

எங்கள் பையன்கள் வாளோடு திரிந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். மறந்தவர்கள் மறந்த மாதிரி நடிக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆறு பேர் ஒரு சாப்பாட்டுக்கடைக்குள் வந்து ஒருவனைத் தேடினார்கள். தேடப்பட்டவன் சமையலறை வழியாக ஓடிவிட்டான். வந்தவர்கள் வந்ததற்கு ஏதாவது செய்யவேண்டுமே என்று, காசு மேசையில் நின்ற பிள்ளையின் கையில் வெட்டினார்கள். நான் மேசைக்குக் கீழே இருந்தேன். அங்கே எனக்கு முன்னரே இரண்டு பேர் இருந்ததால் இடம் போதவில்லை. அங்கிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணையின் சப்பாத்துகள்தான். அவை ஒரு மரக்கதிரைக்குப் பக்கத்தில் போய் நின்றன, யோசித்தன, திரும்பி வந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையிடம் போயின. பிறகு சத்தம் மட்டும். ஒரு வாள் என் முன்னால் வந்து விழுந்தது, அதன் பின்னால் அதன் சொந்தக்காரனின் முகமும் விழுந்தது, மூக்கு இருந்த இடம் தெரியவில்லை. மற்றவர்கள் தெருவுக்கு ஓடினார்கள். அண்ணையின் கையில் கதிரையின் முதுகு மட்டும் மிஞ்சியிருந்தது.

"மரக்கதிரை கிட்டத்தானே இருந்தது அண்ணை?" என்று பிறகு கேட்டேன்.

"மரக்கதிரையாலை அடிக்கக் கூடாது தம்பி. அதுக்கு நோகும்."

மூக்கு உடைந்தவனுக்கு நோகுமா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை.

கடையை மூடி ஊருக்குப் போகும்போது அந்த ஒல்லாந்துக்காரர் அண்ணைக்கு ஒரு கதிரையைக் கொடுத்தார். கடையிலேயே மிகப் பரிதாபமானது அது. தொண்ணூறு வருடங்களுக்கு முன், கையில் காசு இல்லாத சனம் துண்டுகளாக வாங்கித் தாங்களே பூட்டி உட்காரட்டும் என்று, சரக்குப் பெட்டிப் பலகையால் செய்தது. செந்நிற மரம், நிறம்கூடப் பூசவில்லை, பித்தளைத் திருகாணிகள் எல்லாம் வெளியே தெரியும். பணிவாக, சாய்வாக, ஒரு பலகை அடுக்கு. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: இதைப் பூட்டி முடிக்கவில்லையா?

அண்ணைக்கு அதுதான் உயிர். "இதிலை ஒளிப்பு மறைப்பு இல்லை தம்பி. ஆணி எங்கை எண்டு தேடத் தேவையில்லை, உன்னைப் பாத்துக்கொண்டு நிக்குது" என்பார். கவிழ்த்துப் பார்க்காமல் அவர் இருந்த ஒரே கதிரை அதுதான்.

அவருடைய மனைவி பவளம் அக்காவுக்கு அதைக் கண்ணில் காட்டக்கூடாது. அவருடைய இரண்டு நல்ல சீலைகளை அது கிழித்திருந்தது. ஆகவே கதிரை, நகருக்கு வெளியே சார்செலில் இருந்த அவர்கள் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, லாசப்பலில் ஒரு நண்பரின் நிலவறையில் பல வருடம் கிடந்தது. அண்ணை ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய், ஒரு மணித்தியாலம் அதில் இருந்துவிட்டு வருவார். மற்ற ஆண்களுக்கு வேறு வீடு இருந்தது. இவருக்கு வேறு கதிரை இருந்தது.

அக்காவின் தம்பி இராசன், பக்கத்து ஊரான கார்ஜில் இருப்பவர், என்னோடொத்த வயது, வாயைத் திறந்தால் பகிடி. அந்தக் கதிரை இராசனுக்குக் கிடைத்த வரம். ஒரு பிறந்தநாள் வீட்டில் நாற்பது பேருக்கு முன்னால், "அத்தான், பொங்கலுக்கு விறகு காணாதாம். உந்தக் கதிரையைக் குடுங்கோவன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் கூடவே சிரித்தேன். அண்ணை சிரிக்கவில்லை. "தொட்டுப் பார்" என்றார், அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்துப் பொங்கல். எங்கள் ஊர்ச்சங்கம் கார்ஜில் ஒரு மண்டபத்தின் பின்வளவில், நகரசபையின் அனுமதியோடு, சீமெந்து நிலத்தில் மணல் பரப்பி, மூன்று சீமெந்துக் கல் வைத்துப் பொங்குவது வழக்கம். விறகு என்றால் ரூ காய் மரக்கறிக் கடைகளுக்குச் சரக்கு அடுக்கி வந்து சேரும் பலேட் பலகை. அதை உடைத்து எரிப்போம். சங்கத்தாரிடம் நான் வரவேற்புரை கேட்டேன். விறகுப் பொறுப்பைத் தந்தார்கள்.

பலேட்டுகளை அண்ணையின் வான் வண்டியில் இராசன்தான் ஏற்றி வந்தார். அதே வானில் அந்தக் கதிரையும் வந்தது. பவளம் அக்கா பல வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான், சரி, வீட்டுக்குக் கொண்டுவாருங்கோ என்று மனமிரங்கியிருந்தார். நிலவறைப் படி ஒடுக்கம் என்பதால் அண்ணை அதைக் கழற்றிப் பலகை பலகையாக அடுக்கி, பழைய சீலையில் சுற்றிக் கட்டி, திருகாணிகளை ஒரு பிஸ்கற் தகரத்தில் போட்டுத் தன்னோடு வைத்திருந்தார். இது ஒன்றும் எனக்குத் தெரியாது.

இரவு பெய்த மழையில் பலேட்டெல்லாம் ஊறிப்போயிருந்தது. அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை. பானையைச் சுற்றி நின்ற பெண்கள் என்னைப் பார்த்த பார்வை, வரவேற்புரையை எனக்குத் தராதது சரிதான் என்பது போல இருந்தது. நான் கைக்கோடாலியோடு வானுக்கு ஓடினேன். உள்ளே காய்ந்த பலகைகள், சீலையில் கட்டியபடி. விறகை யார் சீலையில் சுற்றிக் கட்டுவார்கள் என்று யோசிக்க ஒரு சாதாரண மூளை காணும். அன்றைக்கு அதுவும் என்னிடம் இல்லை. முடிச்சு அவிழவில்லை, வெட்டினேன். பலேட்டை யார் இவ்வளவு வழவழப்பாகச் சீவியது என்று ஒரு கணம் வியந்தேன். பிறகு கொத்தினேன். தொண்ணூறு வருடம் காய்ந்த மரம். கற்பூரம் போலப் பிடித்தது. பெண்கள் என்னைப் பாராட்டினார்கள்.

கால் மணித்தியாலத்தில் அண்ணை பிஸ்கற் தகரத்தோடு வந்தார். வானுக்குள் எட்டிப் பார்த்தார். வெறும் சீலை கிடந்தது. கரும்பு சப்பிக்கொண்டு நின்ற இராசனிடம் போனார்.

"வானுக்குள்ளை இருந்த பலகை எங்கை?"

இராசனுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததனால்தான் வழக்கமான பகிடியை விட்டார்: "அடுப்பைப் பாருங்கோ அத்தான்."

அண்ணை பார்த்தார். அடுப்பின் வாயில் ஒரு பலகை நுனி நீட்டிக்கொண்டு நின்றது, அதில் வரிசையாக இரண்டு திருகாணித் துளைகள். அந்த நேரம் பார்த்துப் பால் பொங்கி வழிந்தது. அத்தனை பேரும் பொங்கலோ பொங்கல் என்று கத்தினார்கள். யாரோ வெடி கொளுத்தினார்கள். அந்தச் சத்தத்துக்குள் அண்ணை அந்தப் பலகையை, எரிந்துகொண்டிருந்த பக்கத்தில், வெறுங்கையால் பிடித்து இழுத்து எடுத்து இராசனை அடித்தார்.

முதல் அடியில் காறை எலும்பு முறிந்த சத்தத்தை வெடிச்சத்தம் மூடியது. இரண்டாவது கழுத்தடியில், நெருப்போடு. இராசன் "நான் இல்லை அத்தான், நான் இல்லை" என்று கத்திக்கொண்டு அடுப்பின் மேல் விழுந்தார். பானை கவிழ்ந்தது. கொதிக்கிற பாலும் அரிசியும் சீமெந்தில் ஓட, பட்டுப்பாவாடைப் பிள்ளைகள் அலறிக்கொண்டு கதிரைகளில் ஏறினார்கள். அண்ணை நிறுத்தவில்லை. அவர் மரத்தால் அடித்ததை நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான். நான்கு பேர் மேலே விழுந்து அமுக்கிய பிறகும் பலகை கையை விட்டு வரவில்லை. உள்ளங்கைத் தோல் அதோடு ஒட்டிப்போயிருந்தது.

நான் என்ன செய்தேன்? என் கையில் கோடாலி இருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை. பக்கத்தில் மிருதங்கக்காரரின் பை திறந்து கிடந்தது. அதற்குள் வைத்துச் சிப்பை இழுத்து மூடினேன். பிறகு போய், எல்லோரோடும் சேர்ந்து, "அண்ணை, விடுங்கோ அண்ணை" என்று கத்தினேன்.

மருத்துவமனையில் இராசன் படியில் விழுந்ததாகச் சொன்னார். அந்த அளவுக்கு அவர் மரியாதைக்காரர். ஆனால் அத்தானிடம் போய் இன்னொரு தரம் 'நான் இல்லை' என்று சொல்ல அவருடைய ரோசம் விடவில்லை. அண்ணையின் கட்டளை ஒன்றுதான்: அவன் செய்ததை ஒத்துக்கொண்டுவிட்டு வரட்டும், அதுவரை இந்த வீட்டு வாசல் மிதிக்கக்கூடாது. செய்யாததை எப்படி ஒத்துக்கொள்வது?

கார்ஜுக்கும் சார்செலுக்கும் ஒரே ஸ்டேசன். ஒரு பக்கத்தால் இறங்கினால் தம்பி வீடு, மறுபக்கத்தால் இறங்கினால் அக்கா வீடு. காலை ரயிலுக்கு இருவரும் ஒரே மேடையில் நிற்பார்கள். பவளம் அக்கா முன்பெட்டிக்குப் போவார், இராசன் பின்பெட்டிக்கு. தம்பியின் தோள் ஒரு பக்கம் சரிந்திருப்பதை அக்கா ரயில் கண்ணாடியில் பார்ப்பார் என்று அவரே எனக்குச் சொன்னார். நான் தேநீர் குடித்துக்கொண்டு கேட்டேன். அண்ணையின் மகள் கவிதாவின் கலியாணத்துக்கு மாமன் இல்லை. மாமன் செய்யவேண்டியதை ஒரு தூரத்து உறவு வந்து செய்தது. படம் எடுக்கும்போது அக்கா அந்த மனிதரைப் பார்க்கவே இல்லை.

சொல்லப் போனேன். பொய்யில்லை. மூன்றாம் வருடம் ஒரு பெட்டி மைசூர்ப்பாகோடு சார்செலுக்குப் போய் மணியை அழுத்தினேன். அண்ணை கதவைத் திறந்தார். கதவில் வைத்த கையில் உள்ளங்கை முழுக்க வெள்ளையாய்ச் சுருங்கியிருந்தது. "என்ன தம்பி?" என்றார். "வருமானவரிப் பத்திரம் நிரப்பியாச்சோ எண்டு கேக்க வந்தனான்" என்றேன். நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் நான்தான் நிரப்பினேன். எதிரே இருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பார், ஒரு சொல் பேசமாட்டார். ஊரெல்லாம் அடித்தவர் என்மேல் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. என்மேல் அவருக்குத் தனிப்பட்ட ஒரு அன்பு இருந்ததாகவே எடுத்துக்கொண்டேன்.

அண்ணையின் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் இரண்டு மணிக்குப் பெட்டியை மூடுவதாக இருந்தது. ஒரு மணிக்குப் பவளம் அக்கா என்னைக் கூப்பிட்டு, "அவன் வெளியிலை நிக்கிறானோ?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா. காருக்குள்ளை இருக்கிறார். வாசல்மட்டும் வந்திட்டுத் திரும்பிப் போறார்."

"நிக்கட்டும். ஒத்துக்கொண்டிட்டு வரட்டும் எண்டு இவர் சொன்னவர். இவர் மாத்தாமல் போட்டார். இனி நான் எப்பிடி மாத்திறது?" என்றார். பிறகு, "குளிருக்கை நிக்கிறான்" என்றார்.

நான் கார் தரிப்பிடத்துக்குப் போனேன்.

"இராசன், அந்தப் பொங்கலுக்கு..."

"பொங்கலைப் பற்றிக் கதைச்சீரெண்டால் காரை உமக்கு மேலை ஏத்துவன்."

"அந்தக் கதிரையைக் கொத்தினது நான்."

இராசன் இறங்கினார். கதவைச் சாத்தினார்.

"நீரோ?"

"ஓம்."

"சீலையாலை கட்டிக் கிடந்ததை?"

"அவிழ்க்க ஏலேல்லை. கோடாலியாலை வெட்டினனான்."

"எட்டு வரியமா என்ரை வீட்டை வந்து மீன்குழம்பு திண்டுட்டு, 'அத்தான் ஒருநாள் மாறுவர்' எண்டு எனக்கு ஆறுதல் சொன்னனீ."

"ஓம்."

"கோடாலி எங்கை போனது?"

"மிருதங்கப் பைக்குள்ளை வைச்சனான்."

இராசன் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அதுதான் பிழை. முதல் குத்து வாயில் விழுந்தது. இரண்டு கார்களுக்கு நடுவில் விழுந்தேன். சப்பாத்துக் காலால் விலாவில் ஒன்று. "இது அவர் முறிச்சதுக்கு." இன்னொன்று. "இது பிள்ளையின்ரை கலியாணத்துக்கு." மூன்றாவதற்குக் காலைத் தூக்கி, யோசித்து, இறக்கினார். "இது மீன்குழம்புக்கு. பேந்து தாறன். எழும்பு. பல்லை எடுத்துக்கொண்டு வா, அக்காவுக்கு வந்து சொல்லு."

தேவாரம் படித்துக்கொண்டிருந்தார்கள். இரத்தம் வழியும் வாயோடு, அண்ணையின் கால்மாட்டில் நின்று, நான் பவளம் அக்காவுக்குச் சொன்னேன். என் வாழ்க்கையில் இவ்வளவு அமைதியாக ஒரு சபை என் பேச்சைக் கேட்டதில்லை. அக்கா முழுவதையும் கேட்டார். "உமக்கு நான் எட்டு வரியம் தேத்தண்ணி ஊத்தித் தந்தனான்" என்றார். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தார்.

"தோள் இன்னும் நோகுதோடா?"

"குளிருக்கு மட்டும் அக்கா."

இராசன் பெட்டிக்குக் கிட்டப் போனார். பலகையைத் தடவினார். "நல்ல மரம் அத்தான்" என்று சொல்லவந்தார், பாதியில் முகம் உடைந்துவிட்டது. அக்கா அவருடைய சரிந்த தோளின் கீழ் தன் தோளைக் கொடுத்துக்கொண்டு நின்றார். இரண்டு மணிக்கு மூடினார்கள்.

சிவபாதம் அண்ணை நல்லவர் என்று சொல்ல என்னால் முடியாது. அவரிடம் அடி வாங்கியவர்கள் இந்த இதழை என் வீட்டுக் கதவிடுக்கால் திருப்பித் தள்ளிவிடுவார்கள். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: இப்போது எந்தக் கதிரையையும் கவிழ்த்துப் பார்க்காமல் நான் இருப்பதில்லை. என்ன தேடுகிறேன் என்று எனக்கே தெரியாது. கை தன்பாட்டில் போகிறது. புதுப் பல் கட்டப் போன இடத்தில் பல்வைத்தியரின் கதிரையையும் கவிழ்க்கப் பார்த்தேன். அது நிலத்தோடு பூட்டியிருந்தது. வைத்தியரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் அக்கா என்னைக் கூப்பிட்டு, இனி இந்த வீட்டுப் பேப்பர் வேலையெல்லாம் உமக்குத்தான் என்று சொல்லி, அண்ணையின் தொலைபேசியைத் தந்தார், இணைப்பை நிறுத்தக் கடிதம் எழுதும்படி. கடிதம் எழுதுமுன் அதில் என் பெயரைத் தேடினேன். இல்லை. வருடாவருடம் எனக்கு அழைத்தவர். எப்படி இல்லாமல் போகும் என்று, என் தொலைபேசியிலிருந்து அதற்கு அழைத்துப் பார்த்தேன். மணி அடித்தது. திரையில் 'விறகு' என்று வந்தது.